ஆள் குறைந்தும் விரிந்த ஊர்

கேள்வி: மக்கள்தொகை பெருகினால் நகரம் விரியத்தானே செய்யும்? அதற்கு அரசையும் திட்டமிடுபவர்களையும் ஏன் திட்டுகிறீர்கள்?

பதில்: பெருகினால் விரியும், சரி. குறைந்தும் விரிந்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1950-ல் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 2020-ல் ஆறரை லட்சம்கூட இல்லை. கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டது ஒரு காரணம்தான். ஆனால் கிளம்பியவர்களில் பலர் வெகுதூரம் போகவில்லை. நகர எல்லையைத் தாண்டி, தோட்டத்தோடு வீடு கட்டிக்கொண்டார்கள். நடுவில் வீடுகள் பாழடைய, ஓரத்தில் வயல்கள் மனைகளாயின.

போகச் சொன்னது யார்? 1930களிலிருந்தே அரசு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. புறநகர்ப் புதுவீடு என்றால் தாராளம்; கறுப்பினத்தவர் வாழும் தெரு என்றால் கைவிரிப்பு. அப்புறம் 1956-ல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் வந்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது.

வேலைக்குப் போகிறவர் தூரத்தை நிமிடத்தில்தான் அளக்கிறார். வேகமான சாலை வந்ததும், நேற்று வரை எட்டாத நிலம் அரை மணி நேரத்தில் எட்டுகிறது. சாலை வரப்போவது முன்பே தெரிந்தவர் மலிவாக வாங்கிப் போட்டிருப்பார். (எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.) ரயிலும் இதற்கு விலக்கில்லை. லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில்வே, பாதையோர நிலத்தில் தானே வீடு விற்றது. 1915-ல் 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் வைத்து விளம்பரமும் செய்தது.

ஊருக்குள்ளேயோ இத்தனை மாடிக்கு மேல் கூடாது, மனை இத்தனை அடிக்குக் குறையக் கூடாது, வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் வேண்டும் என்று விதி மேல் விதி. உள்ளே கட்டவும் விடாமல், வெளியே போகிறார்களே என்று அலுத்துக்கொண்டால் எப்படி?

வெளியே மனை மலிவு என்கிறார்கள். அந்த மலிவு யார் தலையில்? வீடுகள் தள்ளித் தள்ளி அமைந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி எல்லாமே நீளும். விற்றவர் காசை எண்ணிக்கொண்டு போய்விடுவார். வாங்கியவர் கொடுப்பது ஒரு பங்கு. பாக்கியை, நடு ஊரில் சின்ன வீட்டில் இருப்பவரும் வரியாகக் கட்டுகிறார்.

இதைத் தாண்டிக் கட்டக் கூடாது என்று ஊரைச் சுற்றி எல்லைக் கோடு போட்டால் போதுமே என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1979-லிருந்து அப்படி ஒரு கோடு இருக்கிறது, பயனும் உண்டு. ஆனால் கோட்டுக்குள் போதுமான வீடு கட்ட விடாவிட்டால் வாடகை ஏறும். அல்லது, லண்டனைச் சுற்றி வீடு கட்டக் கட்டுப்பாடுள்ள பசுமை வளையத்தைத் தாண்டிக் குடியேறி, தினமும் அதன் வழியாகவே வேலைக்கு வந்து போகிறார்களே, அப்படி ஆகும்.