மூன்றாவது குவார்ட்டர்பேக்

(2025 ஆகஸ்ட் கடைசியில் எழுதிய கடிதங்கள்)

அன்புள்ள சார்,

நான் ஓஹையோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே வந்த புதிதில் அலுவலக நண்பர்கள் கூப்பிட்டு உட்காரவைத்ததில் பழகியது அமெரிக்கன் ஃபுட்பால். அப்போதிலிருந்து கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ்தான் என் அணி. நீங்களும் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர் என்பதால் எழுதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 8 அன்று கரோலினா பாந்தர்ஸுடன் நடந்த முதல் ப்ரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) போட்டியில் எங்கள் புது குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஷெடூர் சாண்டர்ஸ் ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். 23 பாஸில் 14 சரியாகப் போய்ச் சேர்ந்தன. 138 யார்டு முன்னேற்றம், இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) முதல் சுற்றிலேயே போவார் என்று பலரும் சொன்ன பையன், ஐந்தாம் சுற்றில் 144ஆவது ஆளாக வந்து, கிடைத்த முதல் வாய்ப்பிலேயே இப்படி ஆடினார். ஆனால் கோச் ஸ்டெஃபான்ஸ்கி 40 வயது ஜோ ஃப்ளாக்கோவை முதல் ஆளாக அறிவித்துவிட்டார். இரண்டாம் இடம் டில்லன் கேப்ரியலுக்கு. இரண்டாவதாக நடந்த ஈகிள்ஸ் போட்டியில் பந்தை எதிரணிக்காரர் கையில் எறிந்து, அதை டச்டவுனாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். சாண்டர்ஸ் மூன்றாவது.

மூன்றாவதாக நடந்த ராம்ஸ் போட்டியின் கடைசி டிரைவில் (பந்து ஓர் அணியின் கையில் இருக்கும் ஒரு முறை) சாண்டர்ஸை உட்காரவைத்துவிட்டு, பின்னால் சேர்ந்த குவார்ட்டர்பேக் டைலர் ஹன்ட்லியை இறக்கினார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்துவிட்டு, போட்டி என்று சும்மா கண்துடைப்பு நடத்துகிறார்களோ? 2012இல் சியாட்டிலில், பெரிய ஒப்பந்தத்தில் வந்த மாட் ஃப்ளின்னைத் தாண்டி, மூன்றாம் சுற்றில் எடுத்த ரஸ்ஸல் வில்சனுக்கு இடம் கொடுத்தாரே கோச் பீட் கேரல், அந்தத் துணிச்சல் இங்கே ஏன் இல்லை? மூன்று ப்ரீசீசன் போட்டியையும் ஜெயித்திருக்கிறோம். இந்த வருடமாவது விடியுமா?

க.
கொலம்பஸ்

அன்புள்ள க.,

முதலில் அந்த மூன்று வெற்றிகளைத் தள்ளி வையுங்கள். 2017இல் இதே பிரவுன்ஸ் ப்ரீசீசனில் நான்குக்கு நான்கு ஜெயித்தது. அப்புறம் சீசன் தொடங்கி 16 போட்டியிலும் தோற்றது. 2008இல் டெட்ராய்ட் லயன்ஸுக்கும் அதே கதை: ப்ரீசீசனில் நான்கு வெற்றி, சீசனில் 16 தோல்வி. உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. ப்ரீசீசன் ஸ்கோர் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதற்கு உங்கள் அணியைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

இந்த ஆட்டத்தைப் பார்க்காத நண்பர்களும் இங்கே படிக்கிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். இந்த ஆட்டத்தின் லீகான என்எஃப்எல்லில் அணி ஒவ்வொன்றும் ஆகஸ்டில் 90 பேரோடு கேம்ப் நடத்தும். மாதக் கடைசியில் 53 பேர்தான் மிஞ்சலாம். நடுவில் மூன்று பயிற்சிப் போட்டிகள். அவற்றில் முதல் வரிசை வீரர்கள் காயத்துக்குப் பயந்து பெரும்பாலும் ஆடுவதில்லை, ஆடினாலும் ஒன்றிரண்டு டிரைவோடு சரி. மீதி நேரம் முழுக்க, வேலை தப்புமா என்று தெரியாத ஆட்கள் இன்னொரு அணியின் அதே மாதிரி ஆட்களோடு மோதுவார்கள். குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுக்கிறவர். அணியின் தலையெழுத்தே அவர் கையில்.

இப்போது சாண்டர்ஸ். கரோலினா போட்டியில் அவர் எறிந்ததை நான் ரசித்துப் பார்த்தேன். பதற்றம் இல்லை, பந்து சரியான நேரத்தில் கையை விட்டுப் போனது. கல்லூரியில் கொலராடோவுக்காகக் கடைசி வருடம் 74 சதவீத பாஸ்களைச் சேர்த்தவர் எப்படி எறிவாரோ அப்படித்தான் எறிந்தார். ஆனால் எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் கரோலினாவின் இரண்டாம், மூன்றாம் வரிசை. அதுவும் போக, இன்னொரு குவார்ட்டர்பேக் பிக்கெட்டுக்கும் கேப்ரியலுக்கும் தொடைத் தசையில் காயம் என்பதால்தான் அன்று அவர் முதலில் இறங்கினார். அந்த இரண்டு டச்டவுனை வைத்து ஒரு சீசனை ஒப்படைக்க முடியாது.

அதே அளவுகோலை ராம்ஸ் போட்டிக்கும் வைக்க வேண்டும். இதைத்தான் எதிர்த்தரப்பு செய்வதில்லை. ஆகஸ்ட் 23 அன்று 6 பாஸில் 3, மொத்தம் 14 யார்டு, ஐந்து முறை சாக். அதாவது எறிவதற்குள் ஐந்து முறை அவரைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டார்கள். எறிந்து சேர்த்ததைவிட இழந்ததுதான் அதிகம். பார்த்தீர்களா, ஆள் ஆகவில்லை என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. அந்த சாக்குகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முன்னால் நின்று தடுக்க வேண்டியவர்கள் ரிசர்வ் ஆட்கள், சுவர் சட்டென்று உடைகிறது. அது அவர் தப்பில்லை. ஆனால் உடைந்த பிறகு அவர் செய்வது அவர் தப்பு. பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு அடுத்த டவுனுக்கு (அடுத்த முயற்சிக்கு) போகாமல், பக்கவாட்டிலும் பின்னாலும் ஓடித் தப்பிக்கப் பார்க்கிறார். கல்லூரியில் அந்த ஓட்டம் சில நேரம் பலித்தது. அங்கேயும் அவர் அடிக்கடி சாக் ஆனார் என்பதை மறந்துவிட வேண்டாம். என்எஃப்எல்லில் பின்னால் ஓடுகிறவரைத் துரத்திப் பிடிப்பவர் 120 கிலோ எடையோடும் அவரைவிட வேகமாகவும் வருவார். இந்தப் பழக்கம் பயிற்சியில்தான் மாறும், சிறந்த தடுப்பாளர்களோடு திரும்பத் திரும்ப ஆடினால்தான் மாறும்.

அங்கேதான் என் உண்மையான கோபம். கிளீவ்லாண்ட் செய்த தவறு சாண்டர்ஸை மூன்றாவதாக வைத்தது இல்லை. நான்கு பேரைக் கேம்புக்குக் கூட்டிவந்து, ஒருவருக்கும் போதுமான ஸ்நாப் (பந்தை வாங்கி ஆடும் வாய்ப்பு) கிடைக்காமல் செய்ததுதான். ஒரு நாள் பயிற்சியில் குவார்ட்டர்பேக்குகளுக்குக் கிடைக்கும் ஸ்நாப்கள் கொஞ்சம்தான். முதல் அணியோடு ஆடும் ஸ்நாப்கள் அதிலும் குறைவு. அதை ஃப்ளாக்கோ, பிக்கெட், கேப்ரியல் எடுத்த பிறகு சாண்டர்ஸுக்கு மிஞ்சியது என்ன? கேம்ப் முழுக்க அவர் முதல் வரிசை ரிசீவர்களோடும் (பாஸைப் பிடிப்பவர்கள்) தடுப்பாளர்களோடும் அநேகமாக ஆடவே இல்லை என்றுதான் அங்கிருந்த நிருபர்கள் எழுதினார்கள். அப்புறம் ரிசர்வ் ஆட்களோடு இறக்கிவிட்டு மார்க் போடுவது எந்த ஊர் நியாயம்?

இந்த நெருக்கடியின் வேர் 2022இல் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். டிராஃப்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் மூன்று வாய்ப்புகளைக் கொடுத்து குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை வாங்கினார்கள். முழு உத்தரவாதத்தோடு 23 கோடி டாலர். அவர் இந்த 2025 ஆகஸ்டில் கிழிந்த குதிகால் தசைநாணோடு வெளியே இருக்கிறார், அதுவும் அதே தசைநாண் இரண்டாம் முறை கிழிந்து. அந்தப் பள்ளத்தை மூட ஒரே வருடத்தில் ஃப்ளாக்கோவையும் பிக்கெட்டையும் கொண்டுவந்து, டிராஃப்டில் 94ஆவது இடத்தில் கேப்ரியலையும் 144ஆவது இடத்தில் சாண்டர்ஸையும் எடுத்தார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? பிக்கெட்டை ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு ரைடர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே குவார்ட்டர்பேக் ஓ'கானலின் மணிக்கட்டு உடைந்திருந்ததால் அவர்களுக்கு ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. ஆகஸ்ட் கடைசியில் எடுத்த இந்த முடிவை ஜூலையிலேயே எடுத்திருந்தால் இரண்டு இளைஞர்களுக்கும் ஒரு மாதப் பயிற்சி மிச்சமாகியிருக்கும்.

சியாட்டில் உதாரணத்துக்கு வருகிறேன். கேரல் துணிச்சல்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் டிவியில் பார்த்த இரண்டு டச்டவுனுக்காக வில்சனைத் தேர்ந்தெடுக்கவில்லை. கேம்பிலிருந்தே ஸ்நாப்களைப் பங்கு போட்டுக் கொடுத்தார். அப்போது ப்ரீசீசனில் நான்கு போட்டிகள், மூன்றாவதுதான் முழு ஒத்திகை, முதல் வரிசை ஆட்கள் பாதி ஆட்டம்வரை இறங்குவார்கள். கேன்சஸ் சிட்டியில் நடந்த அந்த மூன்றாவது போட்டியில் முதல் அணியோடு வில்சனை இறக்கினார். முழங்கை வலியால் ஃப்ளின் அன்று ஆடவில்லை. சியாட்டில் 44-14 என்று ஜெயித்தது, அதன் பிறகே அறிவிப்பு வந்தது. அடுத்த சீசன் முடிவில் சூப்பர் பவுலும், அதாவது லீக் பட்டமும், வந்தது. சாண்டர்ஸுக்கு அப்படி ஓர் ஒத்திகை கிடைக்கவே இல்லை. முதல் இடத்துக்கான போட்டியில் அவர் தோற்றார் என்று யாரும் சொல்லக் கூடாது, அவரை அதில் சேர்க்கவே இல்லை.

ஃப்ளாக்கோ முதலில் ஆடுவது சரிதான் என்பது என் கருத்து. 2023இல் நவம்பரில் வீட்டிலிருந்து கூப்பிட்டு வரப்பட்ட மனிதர், ஐந்து போட்டியைத் தொடங்கி நான்கை ஜெயித்து பிரவுன்ஸைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். ஸ்டெஃபான்ஸ்கியின் ஆட்டம் அவருக்கு அத்துப்படி. அதைவிட முக்கியம், ஆயத்தமில்லாத பையனைப் பலி கொடுக்காமல் இருப்பது. 2017 ப்ரீசீசன் முடிவில் இதே ஊரில் டெஷோன் கைசரை, அப்போதுதான் வந்த பையனை, முதல் ஆளாக அறிவித்தார்கள். 15 போட்டி தொடங்கினார், 15இலும் தோல்வி, 22 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்), லீகிலேயே அதிகம். அடுத்த மார்ச்சில் கிரீன் பேவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் திறமை இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போய்விட்டது. 1999இல் பிரவுன்ஸ் லீகுக்குத் திரும்பி வந்ததிலிருந்து 2024 வரை 40 பேர் அங்கே குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு ரசிகர் தன் சட்டை முதுகில் அந்தப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனாரே, அந்தச் சட்டையை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அதில் பாதிப் பேர் அவசரத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள்.

கேப்ரியல் இரண்டாவது என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. எதிரணி பிடித்து டச்டவுனாக்கிய அந்த பாஸ், பிக் சிக்ஸ் என்பார்கள், மோசம்தான், ஆனால் அதே போட்டியில் 18 பாஸில் 13ஐச் சேர்த்தவரும் அவர்தான். பந்தைச் சீக்கிரம் விடுகிறார்.

ராம்ஸ் போட்டியின் கடைசி டிரைவில் மட்டும் நான் முழுக்க உங்கள் பக்கம். ஸ்கோருக்கு மதிப்பே இல்லாத போட்டி அது. நேரம் குறைவு, அணி பின்தங்கியிருக்கிறது, ஐந்து முறை அடிவாங்கிய பையன் நிற்கிறான். அடிபட்ட பிறகு எழுந்து அணியை எப்படி நடத்துகிறான் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. அதை ஹன்ட்லிக்குக் கொடுத்தார்கள். அவர் நன்றாகவே ஆடினார், ஃபீல்டு கோலுக்கு (உதைத்து எடுக்கும் புள்ளி) வழி செய்தார், 19-17 என்று ஜெயித்தார்கள். இரண்டொரு நாளில் ஹன்ட்லியையும் விடுவித்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளப்போகாத ஒருவருக்கு அந்த டிரைவைக் கொடுத்து, வைத்துக்கொள்ளப்போகிறவரை ஓரத்தில் நிறுத்தியதில் அணிக்கு என்ன கிடைத்தது? அன்று ராத்திரி எனக்கும் அது தாங்கவில்லை.

ஆனாலும் கண்துடைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 53 இடத்தில் மூன்றை குவார்ட்டர்பேக்குகளுக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த ஓர் இடத்தில் கூடுதலாக ஒரு கார்னர்பேக்கையோ தடுப்பாளரையோ வைத்திருக்கலாம். சாண்டர்ஸை வெட்டிவிட்டு பிராக்டிஸ் ஸ்குவாடில் (53க்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கும் குழு) வைத்துக்கொள்ளலாம் என்றால், நடுவில் மற்ற 31 அணிகளில் யார் வேண்டுமானாலும் வெய்வரில், அதாவது விடுவித்த ஆளைக் கேட்டு வாங்கும் முறையில், எடுத்துக்கொண்டு போகலாம். வேண்டாத ஆள் என்றால் அந்த இடத்தைச் செலவழித்திருக்க மாட்டார்கள். 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு பிலடெல்ஃபியாவில் ஒரே மதியத்தில் குவார்ட்டர்பேக்குகள் பர்டி, ஜோஷ் ஜான்சன் இருவரும் காயப்பட்டு, எறிய ஆளே இல்லாமல் போனதிலிருந்து அவசரத்துக்கு மூன்றாவது ஆளைப் போட்டி நாளில் தனியாகத் தயாராக வைக்க விதியும் இருக்கிறது.

ஆள் பட்டியலில் இதைவிடத் துணிச்சலான முடிவு 2000இல் நியூ இங்கிலாந்தில் நடந்தது. 199ஆவது தேர்வாக வந்த டாம் பிரேடியை இழக்கக் கூடாது என்பதற்காக கோச் பெலிச்சிக் நான்கு குவார்ட்டர்பேக்குகளை 53இல் வைத்துக்கொண்டார். அணி அந்த வருடம் 5 வெற்றி, 11 தோல்வி. பிரேடி சீசன் முழுக்க எறிந்தது மூன்று பாஸ், சேர்ந்தது ஒன்று, 6 யார்டு. ஆனால் பயிற்சியில் என்ன செய்தாரோ, அடுத்த ஆகஸ்டில் டேமன் ஹுவார்டைத் தாண்டி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். செப்டம்பரில் முதல் ஆளான பிளெட்சோ காயப்பட்டபோது ஆள் தயாராக இருந்தது. சாண்டர்ஸ் இன்னொரு பிரேடி என்று யாரும் சொல்லவில்லை. அந்த மூன்றாம் நான்காம் இடம் தண்டனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 7 அன்று சின்சினாட்டிக்கு எதிராக ஃப்ளாக்கோ தொடங்குவார். 40 வயது உடம்பு 17 போட்டி தாங்குமா என்பது சந்தேகம்தான், தோல்விகள் சேர்ந்தால் கூட்டமும் சும்மா இருக்காது. ஆகவே சாண்டர்ஸின் முறை இந்த வருடமே வரலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் எப்போது இறங்குகிறார் என்பதை அல்ல. இறங்குவதற்கு முன்னால் ஒரு முழு வாரம், புதன் முதல் வெள்ளி வரை, முதல் அணியோடு ஸ்நாப் எடுத்தாரா என்று பாருங்கள். கிளீவ்லாண்ட் நிருபர்கள் தினமும் அதை எழுதுவார்கள். அப்படி ஒரு வாரம் கிடைத்து, அதன் பிறகும் பந்தை வைத்துக்கொண்டு பின்னால் ஓடினால், ஸ்டெஃபான்ஸ்கி சொன்னது சரி என்று நானே உங்களுக்கு எழுதுகிறேன்.