ஆன்லைனில் விற்கும் 'சேவை நாய்' சான்றிதழை வாங்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் ஒரு வாடகை அபார்ட்மென்டில் இருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் நெடுஞ்சாலையில் பெரிய கார் விபத்தில் சிக்கினேன். உடம்பு தேறிவிட்டது, மனது தேறவில்லை. திடீரென்று மூச்சு முட்டும், கை நடுங்கும், பாதி இரவில் அலறி எழுந்துவிடுவேன். பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு என்று சொன்னார்கள். ஒரு வருடமாகத் தெரபிஸ்டிடம் போகிறேன். தோழி ஒருத்தி வெளியூர் போனபோது அவளுடைய லாப்ரடார் நாய் சில வாரம் எங்களிடம் இருந்தது. அந்த நாட்களில்தான் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது அவள் வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறாள், நாயை எங்களுக்கே தருகிறேன் என்கிறாள். ஆனால் எங்கள் லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், நாய் வளர்க்க அனுமதி இல்லை. ஒரு இணையதளத்தில் பணம் கட்டினால் 'சேவை நாய்' சான்றிதழ், அடையாள அட்டை, நாய்க்கு மாட்டும் சிவப்பு வெஸ்ட் எல்லாம் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அது இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், கடைக்கும் விமானத்துக்கும் கூட்டிப் போகலாம் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? கோவிலுக்குக் கூட்டிப் போக முடியுமா? அடுத்த மாதம் மாமியார் வருகிறார். "மனசு சரியில்லைன்னா நாய் வளர்ப்பாங்களா?" என்று இப்போதே போனில் கேட்கிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். பணம் வீணாவதைவிடப் பெரிய கவலை எனக்கு ஒன்று உண்டு. சட்டம் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு நல்ல உரிமையைத் தந்திருக்கிறது. அதை நேர்மையாகக் கேட்டு வாங்க முடிகிற நேரத்தில் இந்தக் காகிதத்தை நீட்டினால், உங்கள் பேச்சையே சந்தேகிக்க வைத்துவிடும்.

அமெரிக்காவில் சேவை நாய்களுக்கென்று மத்திய அரசின் பதிவேடு எதுவும் கிடையாது. 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஏ.டி.ஏ. என்பார்களே, அது சான்றிதழும் கேட்பதில்லை, அடையாள அட்டையும் கேட்பதில்லை, வெஸ்ட்டும் கேட்பதில்லை. அந்த இணையதளம் விற்பது அவர்களே அச்சடித்த ஒரு தாள், அவ்வளவுதான். அதைக் காட்டி, சேவை நாய் இல்லை என்று தெரிந்தே சேவை நாய் என்று சொன்னால் கலிஃபோர்னியாவில் அது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேறு விஷயங்களை அந்தத் தளம் ஒன்றாகக் கலந்து விற்பதுதான். சேவை நாய் என்றால் ஒருவருடைய உடல் அல்லது மனப் பாதிப்புக்காகக் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யப் பழக்கப்பட்ட நாய். பார்வையற்றவரை வழிநடத்தும், காது கேளாதவருக்கு அலாரம் அடிப்பதைச் சொல்லும், வலிப்பு வரும்போது உதவும். மன ஆதரவு நாய்க்கு அப்படிப் பயிற்சி தேவையில்லை. அது பக்கத்தில் இருப்பதே ஆறுதல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த லாப்ரடார் இப்போதைக்கு இரண்டாவது வகை. அதில் குறைவாக நினைக்க எதுவும் இல்லை. அதற்குரிய உரிமை வீட்டில் பலமாக இருக்கிறது, வெளியே பெரும்பாலும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் வீடு. உங்களுக்கு அவசரமும் அதில்தான். 1968-இன் வீட்டுவசதிச் சட்டத்தில் 1988-இல்தான் மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்தார்கள். அதன்படி, பாதிப்பு உள்ள ஒருவருக்குத் தேவை என்றால் வீட்டுக்காரர் தன் விதியை நியாயமான அளவு தளர்த்தித் தர வேண்டும். கலிஃபோர்னியாவின் சொந்த வீட்டுவசதி விதிகள் மன ஆதரவுப் பிராணிகளை வெளிப்படையாகவே இதில் சேர்த்திருக்கின்றன. ஆகவே லீஸில் 'நாய் கூடாது' என்று இருப்பதாலேயே கதை முடிந்துவிடாது. அந்த நாய் சட்டத்தின் கணக்கில் செல்லப்பிராணி இல்லை. அதற்கென்று தனி டெபாசிட்டோ மாதாமாதம் 'பெட் ரென்ட்'டோ வாங்கக் கூடாது. 'பெரிய நாய்க்கு அனுமதி இல்லை' என்கிற பொது விதியைக் காட்டியும் மறுக்க முடியாது. அந்தக் குறிப்பிட்ட நாய் யாரையாவது கடித்திருக்கிறது, ஆபத்தானது என்று காட்டினால் மறுக்கலாம். நாய் கதவைப் பிறாண்டினால், கார்ப்பெட்டைக் கிழித்தால் அந்தச் செலவு உங்களுடையது. அதில் சலுகை கிடையாது.

இதற்குத் தேவையான ஒரே காகிதம் உங்கள் தெரபிஸ்டிடம் இருந்து வர வேண்டும். கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, மன ஆதரவு நாய்க்குக் கடிதம் தருகிற நிபுணர் செல்லுபடியாகும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். குறைந்தது 30 நாட்களாவது உங்களுக்குச் சிகிச்சை தந்திருக்க வேண்டும். உங்கள் தேவையை அவரே மதிப்பிட்டிருக்கவும் வேண்டும். பத்து நிமிட வீடியோ அழைப்பில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதித் தரும் கடிதத்தைத் தடுக்கத்தான் இது வந்தது. நீங்கள் ஒரு வருடமாக ஒரே தெரபிஸ்டிடம் போகிறீர்கள். இதைவிட வலுவான நிலை வேறென்ன வேண்டும்?

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தூக்கம் போன்ற அன்றாட வாழ்க்கைச் செயல்களைப் பாதிக்கும் ஒரு பிரச்சினை உங்களுக்கு இருக்கிறது, அதைத் தணிக்க இந்த நாய் தேவை என்று தெளிவாக இருந்தால் போதும். விபத்தைப் பற்றிய விவரமோ நோயின் பெயரோ மருத்துவ ஃபைலோ அபார்ட்மென்ட் மேனேஜருக்குத் தேவையில்லை. அவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதத்தோடு நீங்களும் ஒரு சின்ன ஈமெயில் எழுதுங்கள். 'லீஸ் விதியிலிருந்து நியாயமான தளர்வு கோருகிறேன்' என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும். நேரில் பேசினாலும் அன்றைக்கே அந்தப் பேச்சைச் சுருக்கமாக ஈமெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மறுத்தால், கலிஃபோர்னியா சிவில் உரிமைகள் துறையிடம் ஒரு வருடத்துக்குள் புகார் செய்யலாம். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சரி, கடைக்கு வருவோம். மளிகைக் கடை, ஹோட்டல், ஆஸ்பத்திரி போன்ற பொது இடங்களில் ஏ.டி.ஏ.தான் பேசும். அங்கே மன ஆதரவு நாய்க்கு இடம் கேட்க உரிமை இல்லை. சேவை நாய் என்றால் ஊழியர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: பாதிப்பு காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கிறீர்கள்? உங்களுக்கு என்ன நோய் என்று கேட்கக் கூடாது, சான்றிதழ் கேட்கக் கூடாது, நாயைச் செய்து காட்டச் சொல்லவும் கூடாது. மற்ற வாடிக்கையாளருக்கு அலர்ஜி, நாய் என்றால் பயம் என்பதெல்லாம் மறுப்பதற்குக் காரணமாகாது. ஆனால் நாய் கட்டுக்கடங்காமல் குரைத்தாலோ அசுத்தம் செய்தாலோ வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். உண்மையான சேவை நாயாக இருந்தாலும் இதுதான் விதி.

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வெஸ்ட் போட்டவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். "அது இருந்தா எனக்கு நிம்மதி" என்பது உண்மையான பதில்தான், ஆனால் சட்டம் கேட்கிற பதில் அது இல்லை. அதையும் மீறிப் பழக்கமில்லாத நாயைக் கடைக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அது பார்வையற்ற ஒருவரின் வழிகாட்டி நாய் மேல் பாய்ந்தால், அந்த நாய் மிரண்டு வேலை செய்ய முடியாமல் போகலாம். அவர் அன்றைக்குக் கடையின் நடுவே நிற்க வேண்டியதுதான். ஊழியர்களும் போலிகளைப் பார்த்துப் பார்த்து, நிஜமான நாயோடு வருபவரையும் வாசலில் நிறுத்துகிறார்கள். வெளியே தெரியாத பாதிப்பு உள்ளவர்களுக்கு, அதாவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இதில் அடி அதிகம். "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்ற பேச்சை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் உங்களுக்கு உண்டு. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்கான மனநலச் சேவை நாய் என்று ஒரு வகை இருக்கிறது, சட்டத்தில் அது வழிகாட்டி நாய்க்குச் சமம். கெட்ட கனவில் அலறும்போது மூக்கால் இடித்து எழுப்புவது, விளக்கைப் போடுவது, பேனிக் அட்டாக் தொடங்குகிற அறிகுறியைக் கண்டு மடியில் ஏறி அழுத்தமாகப் படுப்பது, கூட்டத்திலிருந்து வாசல் பக்கம் அழைத்துப் போவது இதெல்லாம் பழக்கக்கூடிய வேலைகள். பயிற்சி நிறுவனத்தில்தான் பழக்க வேண்டும் என்றும் இல்லை, ஏ.டி.ஏ. நீங்களே பயிற்சி கொடுப்பதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். இது மாதக்கணக்கில், சில நேரம் இரண்டு வருடம் வரைகூட இழுக்கும் வேலை. சத்தமான இடத்தில் பதறாமல் கிடக்கிற குணம் எல்லா நாய்க்கும் வாய்ப்பதில்லை. நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் அந்த லாப்ரடாரைக் காட்டி, இதற்கு இந்த வேலை ஒத்து வருமா என்று முதலில் கேளுங்கள். ஒத்து வராது என்றால் அதை வற்புறுத்த வேண்டாம். வீட்டில் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும், அதுவே போதும்.

விமானத்தில் முன்பு மன ஆதரவுப் பிராணிகளைக் கட்டணமில்லாமல் ஏற்றினார்கள். மயில், பன்றி வரை விமான நிலையத்துக்கு வந்து செய்தியானது நினைவிருக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் புதிய விதி 2021 ஜனவரி 11 முதல் அமலுக்கு வந்தது. அதன் பிறகு விமான நிறுவனங்கள் பயிற்சி பெற்ற சேவை நாயை மட்டும் ஏற்றினால் போதும். மன ஆதரவு நாய் என்றால் அந்தந்த நிறுவனத்தின் செல்லப்பிராணி விதியும் கட்டணமும்தான். லாப்ரடாரின் அளவுக்கு அது சீட்டுக்கு அடியில் கூண்டில் அடங்காது. பின்னால் சேவை நாயாகவே பழக்கினால், போக்குவரத்துத் துறையின் படிவத்தைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே கேட்பார்கள். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் பயணம் என்றால் இன்னொரு படிவமும் உண்டு. அதில் பொய் எழுதுவது மத்தியச் சட்டப்படி குற்றம்.

கோவிலைப் பற்றிக் கேட்டீர்கள். மத அமைப்புகள் நடத்தும் இடங்களுக்கு ஏ.டி.ஏ.வின் இந்த விதி பொருந்தாது. கோவில், சர்ச், மசூதி எதுவாக இருந்தாலும், வழிகாட்டி நாயைக்கூட அனுமதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்களாக அனுமதித்தால் உண்டு. விசேஷ நாட்களில் கூட்டம் உங்களைப் படுத்தும் என்றால், கோவில் அலுவலகத்தில் பேசி, ஆள் குறைவான நேரத்தில் போய்ப் பழகுங்கள். கணவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், அன்றாடம். உங்களுக்கு உரிமை இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் பயம் இல்லாமல் போகாது. நம் ஊர்க்காரர்களிலேயே தெரு நாய்க்குப் பயந்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர். லிஃப்டில் உங்கள் நாயைப் பார்த்து ஒருவர் ஒதுங்கினால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் செய்யுங்கள். தடவிக் கொடுக்க ஓடி வரும் குழந்தைகளிடம் "கேட்டுட்டுத் தொடும்மா" என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். "எதுக்கு நாய்? உங்களுக்கு என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு விபத்துக் கதையைச் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. "டாக்டர் சொன்னாங்க" என்று முடித்துக்கொள்ளலாம். உங்களுக்கு முடியாத நாளிலும் நாய்க்கு நடக்கப் போயாக வேண்டும், சாப்பிட்டாக வேண்டும், கால்நடை மருத்துவரின் பில் வரும். எழுந்திருக்கவே முடியாத காலைகளில் அதை வெளியே கூட்டிப் போவது யார் என்று கணவரோடு இப்போதே பேசி வையுங்கள். அந்த ஒரு பேச்சு நடக்காமல்தான் பல வீடுகளில் நாய் ஆறு மாதத்தில் திரும்பிப் போகிறது.

மாமியாரைப் பற்றி. அவர் கேட்பது அறியாமையால், வெறுப்பால் இல்லை என்றே எனக்குப் படுகிறது. இரவில் நீங்கள் அலறி எழுவதை அவர் பார்த்ததே இல்லை. பதில் சொல்வதை உங்கள் கணவரிடம் விடுங்கள். "அம்மா, விபத்துக்கு அப்புறம் இவ தூங்கறதே இல்ல, அந்த நாய் இருந்த நாள்லதான் தூங்கினா" என்று மகன் சொல்வதற்கு உள்ள பலம் சட்டப் பிரிவுகளுக்குக் கிடையாது. பூஜை அறைக்குள் நாய் வராது, சமையலறையில் அதன் தட்டு இருக்காது என்று அவருக்கு இரண்டு வாக்குறுதி கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் தோழி எந்தத் தேதியில் கிளம்புகிறார் என்று எழுதவில்லை. இந்த வாரமே தெரபிஸ்டிடம் கடிதம் கேட்டுவிடுங்கள், மேனேஜருக்கு ஈமெயிலும் போகட்டும். அனுமதி எழுத்தில் வரும் வரை நாய் தோழியிடமே இருப்பது நல்லது. அதற்குள் அவர் கிளம்பிவிடுவார் என்றால், நாயைச் சில வாரம் வைத்துக்கொள்ள நம்பிக்கையான ஒரு வீட்டை இப்போதே தேடத் தொடங்குங்கள்.