மாத்திரையைக் குறைத்தால் மட்டும் போதுமா? படைவீரர்களின் வலி: கேள்வி-பதில்

அமெரிக்கப் படைகளில் பணியாற்றி வெளியே வந்தவர்களின் நாள்பட்ட வலி பற்றிக் கேட்டு எழுதுபவர்களில் பெரும்பாலானோர் அவர்களுடைய மனைவி, மருமகள், அம்மா ஆகியோர்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். வி.ஏ. என்று நான் சொல்வது, முன்னாள் படைவீரர்களுக்காக அந்நாட்டு அரசு நடத்தும் துறையையும் அதன் மருத்துவமனைகளையும்.

என் மாமனார் வியட்நாம் போருக்குப் போனவர். முதுகுவலிக்குப் பல வருடங்களாக ஆக்ஸிகோடோன் சாப்பிடுகிறார். இப்போது வி.ஏ. டாக்டர் குறைக்கச் சொல்கிறார். "என் வலியை யாருமே நம்பவில்லை" என்று மாமனார் புலம்புகிறார். என்ன செய்வது?

அவருடைய வலி உண்மை. அந்த வலிக்கு ஆக்ஸிகோடோன் நல்ல மருந்தில்லை என்பதும் உண்மை. மினியாபோலிஸ் வி.ஏ. மருத்துவர் எரின் கிரெப்ஸும் அவருடைய குழுவும் 240 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நாள்பட்ட முதுகுவலி, அல்லது இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம். பாதிப் பேருக்கு ஓபியாய்டு மருந்துகள், அதாவது ஆக்ஸிகோடோன் போன்ற அபின் வகை வலி மருந்துகள். மீதிப் பேருக்கு பாராசிட்டமால், வீக்கம் குறைக்கும் மாத்திரைகள், மேலே தடவும் மருந்துகள், நரம்பு வலி மருந்துகள் என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. அன்றாட வேலைகளைச் செய்வதில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. வலியின் அளவு ஓபியாய்டு எடுக்காதவர்களுக்குத்தான் கொஞ்சம் குறைவு. பக்கவிளைவும் அவர்களுக்குத்தான் குறைவு.

ஆனால் குறைக்கும் விதம் மிக முக்கியம். இதை வி.ஏ. பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2012 வரை ஓபியாய்டு சீட்டுகள் ஏறிக்கொண்டே போயின. 2013இல் நாடு முழுக்கக் கட்டுப்பாடு வந்தது. 2014இல் விஸ்கான்சின் மாநிலத்தின் டோமா வி.ஏ. மருத்துவமனையில் ஜேசன் சிம்காஸ்கி என்ற முன்னாள் மரைன் வீரர் பல மருந்துகளின் கலப்பால் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 2016இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு வி.ஏ. மருத்துவமனையிலும் வலிக்கென்று தனிக் குழு இருக்க வேண்டும். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஓபியாய்டு எடுத்துவந்த ஏறத்தாழ 14 லட்சம் வி.ஏ. நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மருந்தை நிறுத்திய பிறகான மாதங்களில், அளவுமீறிய மருந்தாலோ தற்கொலையாலோ இறப்பவர்கள் கூடினார்கள். நெடுநாள் எடுத்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்து ஆணையமும் 2019இல் எச்சரித்தது.

ஆகவே டாக்டரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "இதைக் குறைக்கிறீர்கள், சரி. அந்த இடத்தில் என்ன தருகிறீர்கள்?" பதில் தெளிவாக வராவிட்டால், வலிக் குழுவிடம் அனுப்பச் சொல்லுங்கள். மாற்று சிகிச்சை தொடங்கிய பிறகு மெதுவாகக் குறைப்பதுதான் முறை. வேகம் தாங்கவில்லை என்றால் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மனம் உடைந்து பேசினால் 988 எண்ணை அழைத்து 1 அழுத்துங்கள். அது படைவீரர்களுக்கான அவசர உதவி, குடும்பத்தாரும் அழைக்கலாம்.

யோகா, தாய்ச்சி எல்லாம் வி.ஏ.வில் உண்மையிலேயே தருகிறார்களா? பேச்சுக்குச் சொல்கிறார்களா?

தருகிறார்கள். அக்குபங்சர், மசாஜ், தியானம், யோகா, தாய்ச்சி (மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி), பயோஃபீட்பேக் (தசை இறுக்கம் போன்றவற்றைக் கருவியில் பார்த்துக் கட்டுப்படுத்தப் பழகுவது), ஹிப்னாசிஸ், வழிநடத்தும் கற்பனைப் பயிற்சி ஆகிய எட்டும் தேவைப்படுகிறவருக்குக் கிடைக்க வேண்டும் என்று 2017இல் உத்தரவே போட்டார்கள். ஆனால் உத்தரவில் இருப்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. பெரிய நகர மருத்துவமனையில் வாரம் முழுக்க வகுப்பு நடக்கும். சின்ன ஊர் கிளினிக்கில் கேட்டால் யோசிப்பார்கள். என் பெரிய ஆதங்கம் இதுதான். மாத்திரை எங்கேயும் ஒரே நாளில் கிடைக்கும்போது, மாற்று சிகிச்சைக்கு மட்டும் மாதக்கணக்கில் காத்திரு என்று சொல்வது நியாயமில்லை.

சான்று கேட்பவர்களுக்கு: சான் டியாகோவில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 150 படைவீரர்களை வைத்து நடந்த யோகா ஆய்வு 2017இல் வந்தது. வாரம் இரண்டு வகுப்பு, 12 வாரம். வலி குறைந்தது. நடமாட்டத்தில் முன்னேற்றம் 12 வாரத்தில் பெரிதாகத் தெரியவில்லை, ஆறு மாதத்தில்தான் தெரிந்தது. பாதியில் விடாமல் இருப்பவர்களுக்குத்தான் பலன். அப்புறம், நம் வீடுகளில் "யோகாதானே, யூடியூப் பார்த்துச் செய்துகொள்" என்று சொல்லிவிடுகிறோம். தேய்ந்த முதுகுக்கு நாற்காலி, பெல்ட் எல்லாம் வைத்து, ஆளுக்கேற்ப மாற்றிக் கற்றுத்தரும் வகுப்பு வேறு. அதற்கே அனுப்புங்கள்.

கணவருக்கு ஆப்கானிஸ்தானில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இல்லாத பாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது என்கிறார். இதற்கு மாத்திரை தவிர வழி உண்டா?

உண்டு, அதுவும் ஒரு கண்ணாடி. இல்லாத உறுப்பின் வலிக்குக் கண்ணாடியைப் பயன்படுத்தலாம் என்று 1990களில் காட்டியவர், தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். பிறகு வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. தினமும் 15 நிமிடம், நான்கு வாரம். முழுமையாகச் செய்தவர்கள் 18 பேர். கண்ணாடியைப் பார்த்துச் செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி முன்னால் செய்த ஆறு பேரில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது. கற்பனையில் மட்டும் காலை அசைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வலி கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் செலவில்லாத, பெரிய ஆபத்தில்லாத சிகிச்சைக்கு இவ்வளவு சான்றே முயன்று பார்க்கப் போதும்.

செய்முறை இது. காலை நீட்டி உட்கார வேண்டும். நீளமான கண்ணாடியை இரண்டு கால்களுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, அதன் முகம் நல்ல காலைப் பார்க்கும்படி திருப்ப வேண்டும். குனிந்து பார்த்தால், இழந்த கால் இருந்த இடத்தில் ஒரு கால் தெரியும். நல்ல பாதத்தை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே, இல்லாத பாதத்தையும் அதேபோல் அசைப்பதாக எண்ண வேண்டும். முறுக்கிக்கொண்ட விரல்களை விரிப்பதும் இப்படித்தான். முதல் சில தடவை சிலருக்கு அழுகை வரும், சிலருக்குத் தலை சுற்றும். அதனால் முதலில் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் வீட்டில் தொடரலாம்.

மகன் மாவ்னி திட்டத்தில் (குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட திட்டம்) அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து வெளியே வந்தவன். காதில் குட்டி ஊசிகளோடு வீடியோ காலில் பேசுகிறான். மதுரையிலிருந்து பார்க்கும் எனக்குப் பயமாக இருக்கிறது, டாக்டர்.

பயப்படாதீர்கள் அம்மா. அதைப் 'போர்க்கள அக்குபங்சர்' என்பார்கள். விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்ட்ஸோ 2001இல் உருவாக்கியது. ஒரு காதில் ஐந்து இடங்கள்; ஊசிகள் சில நாளில் தானாக விழுந்துவிடும். காது சிவந்து வீங்கினால் மட்டும் காட்டச் சொல்லுங்கள். இதில் கிடைக்கும் நிவாரணம் பெரும்பாலும் கொஞ்ச நாளைக்குத்தான். வலி தணிந்திருக்கும் அந்த நாட்களில் அவர் நடைப்பயிற்சியையும் உடற்பயிற்சியையும் பிடித்துக்கொண்டால்தான் நின்று பலன் தரும்.

வி.ஏ. மருத்துவமனை எங்களுக்கு ஒன்றரை மணி நேரத் தூரம்.

2018இல் வந்த மிஷன் சட்டப்படி, சிறப்பு சிகிச்சைக்குச் சராசரியாக 60 நிமிடத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டியிருந்தாலோ, 28 நாளுக்குள் இடம் கிடைக்காவிட்டாலோ, வெளி மருத்துவரிடம் வி.ஏ. செலவிலேயே போகக் கேட்கலாம். முதலில் வி.ஏ. அனுமதி வாங்குங்கள். வாங்காமல் போனால் பில் உங்கள் தலையில் விழும்.

வலிக்குப் போனால் மனநல நிபுணரிடம் அனுப்புகிறார்கள். "பைத்தியம் என்கிறார்களா?" என்று தம்பி கோபப்படுகிறான்.

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே கற்றுத்தருவது வேலையை அளந்து செய்வது, தூக்கத்தைச் சீராக்குவது, 'அசைந்தால் முதுகு போய்விடும்' என்ற பயத்தைக் குறைப்பது. போர்க்கள அதிர்ச்சியும் வலியும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு வலி கூடுவதைத் தம்பியே கவனித்திருப்பார். பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்தால் நல்ல பலன் உண்டு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் வீடியோவில் கேட்டுப் பார்க்கலாம்.

புதிதாக வந்த சுசெட்ரிஜின் மாத்திரை நாள்பட்ட வலிக்கு உதவுமா?

இப்போதைக்கு இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருவது போன்ற, புதிதாக வரும் நடுத்தர அல்லது கடும் வலிக்கு மட்டும். காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் நடந்த ஆரம்ப ஆய்வில் வெற்று மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவு வலியைக் குறைத்தது. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் போகும் படைவீரருக்கு, முதல் ஓபியாய்டு மாத்திரையே தேவைப்படாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு வழி கிடைப்பது பெரிய விஷயம். ஆகவே தேதி குறிக்கும்போதே கேளுங்கள். வேறு மருந்துகள் சாப்பிட்டால் அந்தப் பட்டியலையும் காட்டுங்கள், சிலவற்றோடு ஒத்துப்போகாது.

வீட்டில் இன்னும் ஓபியாய்டு மாத்திரைகள் இருக்கின்றன. நாங்கள் என்ன வைத்திருக்க வேண்டும்?

நாலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே. ஓபியாய்டு அளவு மீறி மூச்சு குறையும்போது அதை முறிக்கும் மருந்து இது. வி.ஏ. தன் நோயாளிகளுக்கு இலவசமாகத் தருகிறது. அடுத்த முறை போகும்போது வாங்கிவிடுங்கள். மாத்திரை எடுப்பவர் மயங்கிக் கிடந்தால் அவரால் ஸ்ப்ரேயைத் தேட முடியாது. ஆகவே எங்கே இருக்கிறது, எப்படி அடிப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடித்ததும் 911ஐ அழையுங்கள். ஸ்ப்ரேயின் வேலை தீர்ந்ததும் மூச்சு மறுபடி குறையலாம்.