பஞ்சாலையில் ஒரு கொலை – கடிதம்

வணக்கம் ஐயா,

1942 ஏப்ரலில் நடக்கும் துப்பறியும் குறுநாவல் ஒன்று எழுதிவருகிறேன். பெரம்பூரில் ஒரு கற்பனைப் பஞ்சாலை. நூலைச் சுற்றியெடுக்கும் பிரிவான வைண்டிங்கில் வேலைசெய்யும் பொன்னம்மா இரவு ஷிப்டில் நூலால் கழுத்து இறுக்கப்பட்டு இறந்துகிடக்கிறாள். கையில் அரைக் கஜ நூல். இன்ஸ்பெக்டர் அதை எடைபோட்டு, "வைண்டிங்கில் ஓடுவது 40ஆம் நம்பர், இது 20" என்கிறார். பொருந்துகிறதா?

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

இரவு ஷிப்ட்தான் முதல் சிக்கல். 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பொதுவிதிப்படி, மாலை 7 மணிக்குமேல் காலை 6 மணிவரை ஆலையில் பெண்களுக்கு வேலை தரக்கூடாது. ஆனால் அந்த இடத்தைத் திருத்திவிடாதீர்கள். வேலையே இல்லாத நேரத்தில் பொன்னம்மா உள்ளே எப்படி வந்தாள்? உங்கள் கதையின் மர்மமே அதுதான்.

நூலால் இறுக்குவது நடக்காது. 20ஆம் நம்பர் ஒற்றை இழை அரைக் கிலோ பாரம்கூடத் தாங்காது. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃப்ரேமில், நூலை முறுக்கிச் சுற்றும் ஒவ்வொரு கதிரையும் சுழற்றப் பருத்திக் கயிறு ஓடும். கொலைக்கு அது போதும். அந்தக் கயிறு வைண்டிங்கில் கிடந்தால், ரிங் ஃப்ரேம் ஆள் யாரோ வந்துபோயிருக்கிறார் என்று அர்த்தம்.

இனி எடை. ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் (நூல்கட்டு) எத்தனை இருக்கிறதோ, அதுதான் நம்பர். சோதிக்க 120 கஜம் வேண்டும்: ஒன்றரைக் கஜச் சுற்றளவுள்ள ரீலில் 80 சுற்று. அதன் எடை எத்தனை கிரெய்னோ (பவுண்டில் 7000இல் ஒரு பங்கு), அதனால் 1000ஐ வகுக்க வேண்டும். 50 கிரெய்ன் என்றால் 20ஆம் நம்பர், 25 என்றால் 40. அரைக் கஜம் 0.2 கிரெய்ன்தான் வரும். குன்றிமணியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. காவல் நிலையத்தில் இதை எப்படி நிறுப்பது? துண்டு நூலுக்குப் பதில் முழு பாபின் ஒன்றைப் பொன்னம்மாவின் கையில் கொடுங்கள். அது நனைந்திருக்கவும் கூடாது. ஈரத்தால் எடை பத்தில் ஒரு பங்கு கூடினாலே 22ஆம் நம்பர் நூல் 20 என்று காட்டும். கடற்காற்று வீசும் ஊரில் இன்ஸ்பெக்டர் ஏமாறுவதற்கும் இது நல்ல வழி.

துண்டு நூலே போதுமென்றால் முறுக்கைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒற்றை நூல் பஞ்சாக உதிரும், இரட்டை நூல் இரண்டாகப் பிரியும். முடிச்சும் பேசும். முடிச்சு தடித்தால் தறியில் இழைகள் நுழைந்துவரும் விழுதிலோ அச்சிலோ சிக்கி இழை அறும் என்பதால், வைண்டிங் பெண்கள் சின்னதாக, வால் நீளாமல் போடுவார்கள். புதுக்கைக்கு அது வராது.

தேதி அருமையான தேர்வு. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து ஜனங்கள் கூட்டம்கூட்டமாகக் கிளம்பினார்கள். மற்ற வாரமென்றால் மறுநாள் வேலைக்கு வராதவன்மேல் சந்தேகம் விழும். அந்த வாரம் யாரும் கவனிக்கமாட்டார்கள். இன்ஸ்பெக்டரைக் கூலிப் பதிவேட்டைப் புரட்டவிடுங்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவன் பாக்கிக் கூலியைக் கேட்டு வாங்கியிருப்பான். கேட்காமலே போனவன் ரிங் ஃப்ரேமில் யார்?