லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? கேளுங்கள், சொல்கிறேன்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள் இன்று மாலை கேட்கலாம். எந்தக் கடையில் தள்ளுபடி என்று மட்டும் கேட்காதீர்கள்.

அண்ணா, சிவில் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். ஆட்டோகேட், ரெவிட் என்று கட்டட வரைபட சாஃப்ட்வேர் ஓடணும். டெஸ்க்டாப்தான் பவர் என்கிறார் சீனியர்.

சீனியர் சொல்வது சரி, உனக்குத்தான் ஒத்துவராது. செமஸ்டர் லீவுக்கு கேபினெட்டைத் தூக்கிக்கொண்டா பஸ் ஏறுவாய்? லேப்டாப் வாங்கு. ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. அது ஸ்லாட்டில் சொருகியதா, போர்டிலேயே சால்டர் செய்ததா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடு. சால்டர் என்றால் பின்னால் கூட்ட முடியாது. ரெவிட் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது, அதனால் மேக்புக் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடு.

ப்ரோ, கேமிங்குக்கு ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் பார்த்து வெச்சிருக்கேன். டெஸ்க்டாப் 4070 மாதிரியே ஓடும்ல?

ஓடாது. பெயர் மட்டும்தான் ஒன்று. டெஸ்க்டாப் 4070-இல் 5888 கோர், 12 ஜிபி மெமரி, 200 வாட். லேப்டாப் 4070-இல் 4608 கோர், 8 ஜிபி. உள்ளே இருக்கும் சிப்பே வேறு. டெஸ்க்டாப் 4060 டிஐ-யில் போடுகிற அதே குடும்பத்துச் சிப். அதிலும் லேப்டாப் கம்பெனிக்காரர் அதற்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். ஒரே பெயர் ஒட்டிய இரண்டு லேப்டாப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் வேகம் வேறு வேறாக வருவது இதனால்தான். டிஜிபி, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கும் பவர், எத்தனை வாட் என்று பார்க்காமல் கேமிங் லேப்டாப் வாங்காதே. வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் ஆடுவாய் என்றால் டெஸ்க்டாப். இரண்டு வருஷம் கழித்து கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

50 ஆயிரத்துக்குள் எது நல்லது?

எதற்கு என்று சொல்லுங்கள், எது என்று சொல்கிறேன்.

சார், தேனியில் மளிகை மொத்த வியாபாரம். டேலியில் கணக்கு, பில் பிரின்ட் மட்டும்தான். கரண்ட் அடிக்கடி போகும்.

டெஸ்க்டாப் போதும். எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், ஒரு 600 விஏ யுபிஎஸ். என்ட்ரி போடும்போது பொசுக்கென்று அணைந்தால் டேலி டேட்டா கெட்டுப்போகும், அதனால் யுபிஎஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். லேசர் பிரின்டரை மட்டும் அதில் சொருகாதீர்கள். அதன் ஹீட்டர் இழுக்கும் இழுப்பில் யுபிஎஸ் படுத்துவிடும். கடையில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும்போது யுபிஎஸ் தண்டச்செலவு. என் டெஸ்க்டாப் ஒரு தடவைகூட அணைந்ததில்லை.

உங்கள் இன்வெர்ட்டரில் சுவிட்ச் ‘யுபிஎஸ் மோட்’ பக்கம் இருக்கும், அதனால் சட்டென்று மாறுகிறது. சாதாரண மோடில் போட்டுப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளும் வரை எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளைதான் தாங்க வேண்டும். முழு லோடில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே 16 மில்லி நொடி அளவுதான் தாங்கும்.

நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமா. முழு லோடு கணக்கை ஏன் சொல்கிறீர்கள்? டேலி ஓடும் மெஷின் 60, 70 வாட் தாண்டாது. அதற்கு எஸ்எம்பிஎஸ் இன்னும் கொஞ்சம் நேரம் தாங்கும்.

தாங்கும், மறுக்கவில்லை. அதே வீட்டில் பையன் கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடும்போது கரண்ட் போகட்டும், அப்போது பேசுவோம். மட்டமான எஸ்எம்பிஎஸ் போட்ட மெஷின்கள் வேறு இருக்கின்றன. என் கடைக்கு வருவது அவைதான்.

அப்போ நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கச் சொல்லுங்க. யுபிஎஸ் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்தில் காலி, அந்தச் செலவை யார் சொல்வது?

நீங்கள் சொல்லிவிட்டீர்கள். டேட்டா போனால் ஆகும் செலவையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா சார்?

லைன் கரண்ட் மாதிரியே கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் தாராளமாக. ஸ்கொயர் வேவ் என்றால் சின்ன யுபிஎஸ் பல சமயம் அதைக் கரண்டாகவே ஏற்காது. தன் பேட்டரியில் ஓடித் தீர்ந்து அணைந்துவிடும். இன்வெர்ட்டர் பஞ்சாயத்து இதோடு போதும்.

டெஸ்க்டாப் என்றால் கரண்ட் பில் எகிறுமா?

மானிட்டரோடு 100 வாட், லேப்டாப் 25 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட் வித்தியாசம். ஏசி ஓடும் வீட்டில் இது தெரியவே தெரியாது. 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால் மட்டும் யோசியுங்கள், அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்.

50 ஆயிரம் பட்ஜெட். லேப்டாப்பா டெஸ்க்டாப்பா?

மேலே.

ஐடி வேலை, வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து. லேப்டாப்பில் குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது. டெஸ்க்டாப் வாங்கிவிடவா?

வேண்டாம் அம்மா. ஒரு 24 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வாங்கி இருக்கிற லேப்டாப்பிலேயே இணையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும் என்பதால், செட்டிங்கில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது; உடனே அணைத்துக் கழற்றக் கொடுங்கள். கழுத்துக்கு டாக்டரைப் பாருங்கள்.

பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறுமா?

இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையிலிருந்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது. அதனால் லேப்டாப்புக்கு மாறலாம் என்றிருக்கிறேன்.

மாற வேண்டியது வயரிங். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் போகும், இரைச்சலை வடிகட்ட. எர்த் இல்லாவிட்டால் 230-இல் பாதி, 115 வோல்ட் வாக்கில் பாடியில் நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு, அதனால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் நிஜமான லீக்கேஜும் இப்படித்தான் தொடங்கும், அசட்டையாக விடாதீர்கள். சிலர் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் முடிந்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்பார்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க உயிர் கரண்ட். அப்படிச் செய்கிற ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டேப்லெட் வாங்கினால்?

அது என் வேலை இல்லை. மொபைல் கடைக்காரரைக் கேளுங்கள்.

அண்ணா, 50 ஆயிரத்துக்குள்ள...

தம்பி, படித்துவிட்டு வா.

எர்த் இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்ப்பது?

எலக்ட்ரீசியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 வாக்கில் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்தான் இருக்கலாம். நீங்களே கம்பியை விட்டுப் பார்க்காதீர்கள். கடை சாத்துகிறேன்.