பிபிடி சோறு பாதி குழையுது, பாதி விரைக்குது: கோளாறு விதையிலயா உரத்துலயா?

கேள்வி: சார் வணக்கம், மன்னார்குடி பக்கம் நம்மளுக்கு. சம்பாவுக்கு பிபிடி 5204 நெல்லு, குறுவைக்கு ஏஎஸ்டி 16 போடுறேன், ரெண்டும் அதே வயல்தான், கொஞ்ச வருஷமா சொந்த விதை. இந்த வாட்டி நடவு லேட்டாயிருச்சு. அரிசிய வடிச்சா ஒரே பானையில பாதி கொழகொழன்னு போகுது, பாதி விரை விரையா நிக்குது. குருணையும் ஜாஸ்தி, வயித்துல வெள்ளை இருக்குன்னு வியாபாரி மூட்டைக்கு விலைய குறைக்கிறாரு. உரக்கடையில ஒரு பாட்டில காட்டி பால் பிடிக்கிறப்ப அடிச்சா ஸ்டார்ச் தரம் ஏறும்ங்கிறாங்க, அடிக்கலாமா? ஜீன் மாத்தின சுகர் ஃப்ரீ நெல் வந்துருச்சாமே, அத போடலாமா?

பதில்: வணக்கம்ண்ணே. மொதல்ல அந்த பாட்டிலுக்கு காசு குடுக்காதீங்க. சோறு குழையுறதும் உதிரியா நிக்கிறதும் இலையில தெளிச்சு வர்ற விஷயம் இல்ல, அது விதையிலயே இருக்கிற குணம். சாம்பல் சத்து போட்டா மணி நல்லா ரொம்பும், அது வேற, ஆனா ஸ்டார்ச்சோட ஜாதிய எந்த மருந்தும் மாத்தாது.

அரிசியில இருக்கிற மாவுச்சத்து ரெண்டு தினுசுண்ணே. அமைலோஸ் பெரும்பாலும் கிளை இல்லாம நீட்டமா போற சங்கிலி, அமைலோபெக்டின் கிளை கிளையா பிரிஞ்சு கெடக்கும். அமைலோஸ் 25 சதவீதத்த தாண்டுனா சோறு உதிரி உதிரியா வரும், ஆனா ஆறுச்சுன்னா விரைச்சுக்கும். 20க்கு கீழ போனா ஒட்ட ஆரம்பிக்கும். 20லேருந்து 25க்குள்ள இருந்தாதான் சூட்டுல ஒட்டாம, ஆறினதுக்கப்புறமும் மெத்துனு இருக்கும், பிபிடி கிட்டத்தட்ட இந்த பக்குவத்துல வர்ற ரகம். 1966ல ஐஆர் 8 வந்தப்ப விளைச்சல் அள்ளிக் கொட்டுச்சு, ஆனா அமைலோஸ் ஜாஸ்தி, ஆறுன சோறு கல்லு மாதிரி, சாப்பிட ஆளுங்க முகம் சுளிச்சாங்க. 1985ல வந்த ஐஆர் 64 அந்த கொறைய சரி பண்ணுனதாலதான் அவ்வளவு ஊருக்கு பரவுச்சு. உங்க பிபிடி, அதாவது சம்பா மசூரி, ஆந்திராவுல பாபட்லாவுல 1986ல வந்தது, அதோட பாட்டன் வரிசையில நம்ம கோயம்புத்தூர்ல 1921ல விட்ட ஜிஇபி 24 இருக்கு, சன்ன அரிசிக்கு பேர் போன நெல்லு. அதாவது இந்த ருசிய அறுபது வருஷத்துக்கு மேல ஒட்டுக்கட்டி, பொறுக்கி எடுத்து கொண்டு வந்திருக்காங்க, அத கலப்பட விதையால நாம தொலைச்சுட கூடாதுங்கிறதுதான் என் கவலை.

நெல்லுல ஆறாவது குரோமோசோம்ல வேக்ஸின்னு ஒரு ஜீன் இருக்கு, அமைலோஸ் செய்யுற என்சைம் அதுலேருந்துதான் வருது. அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறிப்போனதால என்சைம் கம்மியா உற்பத்தியாகி, ஜப்பான் பக்கத்து அரிசியெல்லாம் ஒட்டுற மாதிரி ஆயிருச்சு. ஜீன் மொத்தமா வேலை செய்யலைன்னா அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லாத பசை அரிசி. இப்பல்லாம் நாத்து இலையில ஒரு துண்டு கிள்ளி மார்க்கர்ங்கிற டிஎன்ஏ அடையாளம் வச்சு பாத்தாலே கதிர் வர்றதுக்கு முன்னாடியே ஓரளவு சொல்லிடுறாங்க.

அதே ஆறாவது குரோமோசோம்ல இன்னொரு ஜீன், அரிசி எத்தனை டிகிரியில வேகும்ங்கிறத பெருமளவு முடிவு பண்ணுது. சில ரகம் 70க்கு கீழயே மாவு இளகிடும், சிலது 74 தாண்டுனாதான் இளகும். இத ஆராய்ச்சி நிலையத்துல ஒரு தட்டுல பாக்கலாம், தீட்டுன அரிசி ஆறு மணிய எடுத்து 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல 23 மணி நேரம் போட்டு வைப்பாங்க, சில மணி பஞ்சா ஊதி மேகம் மாதிரி கரைஞ்சு கெடக்கும், சில மணி போட்டது போட்டபடி முழுசா இருக்கும். சுத்தமான விதைன்னா ஆறும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துக்கும். கலந்து போயிருந்தா அந்த தட்டே காட்டிக் குடுத்துரும். (வீட்டுல இத பண்ணாதீங்க, கையும் கண்ணும் வெந்துரும்.)

உங்க பானையில நடந்ததும் இதேதான்னு நெனைக்கிறேன். மொத்த சோறும் ஒண்ணா குழைஞ்சிருந்தா புது அரிசின்னு சொல்லியிருப்பேன், அறுவடை முடிஞ்ச கையோட அரைச்ச அரிசி எந்த ரகமா இருந்தாலும் கொஞ்சம் குழையும், நாலஞ்சு மாசம் பழகுனா சரியாயிடும். ஆனா ஒரே பானையில பாதி அப்படி பாதி இப்படின்னா கலப்புதான். நெல்லு தன் மகரந்தத்துலயே சூல் பிடிக்கிற பயிரு, காத்துல வந்து கலக்குறது ரொம்ப கொஞ்சம், அதனால பக்கத்து வயலுக்காரர குத்தம் சொல்ல வேணாம். குறுவையில கொட்டுன ஏஎஸ்டி 16 நெல்லு சம்பாவுல தானா முளைச்சிருக்கும், இல்ல அறுவடை மெஷின் முந்தின வயல்ல வாரிக்கிட்டு வந்தத உங்க வயல்ல கொட்டியிருக்கும், சொந்த விதையில அது வருஷா வருஷம் சேந்துக்கிட்டே போகும். ஒரு கைப்பிடி நெல்ல தாம்பாளத்துல கொட்டி பாருங்க, ஏஎஸ்டி 16 குட்டையா குண்டா இருக்கும், பிபிடி ஒல்லியா சின்னதா இருக்கும், கண்ணுக்கே தெரியும்.

குருணையும் வெள்ளை வயிறும் வேற கதை. பால் பிடிச்சு மணி முத்துற நேரத்துல ராத்திரியும் சூடு இறங்கலைன்னா ஸ்டார்ச் துகள் நெருக்கமா அடுக்காம நடுவுல காத்து நின்னுடும், அந்த காத்துதான் நமக்கு வெள்ளையா தெரியுது, அந்த எடம் மெஷின்ல ஒடையும். பிபிடி 145 - 150 நாள் ரகம், ஆவணியில விதைச்சா மார்கழி பனியில பூத்து முத்தும், நீங்க லேட்டா நட்டதால மாசி வெயில்ல மாட்டியிருக்கு. சாஞ்ச பயிர்லயும் இந்த வெள்ளை வரும். கடைசியில யூரியாவ அள்ளிப் போட்டா பயிர் சாயும், அத விட்டுருங்க. அறுத்த நெல்ல நல்ல வெயில்ல சல்லுன்னு காய வச்சுட்டு ராத்திரி பனியில விட்டா உள்ளுக்குள்ள கீறல் விழும், குருணைக்கு அதுவும் காரணம். கதிர்ல நூத்துக்கு எண்பது மணி பழுத்தப்பவே அறுத்து, 14 சதவீத ஈரத்துக்கு மெதுவா கொண்டு வாங்க.

சுகர் ஃப்ரீன்னு ஒரு நெல்லு கெடையாதுண்ணே, அப்படி சொல்லி விதை விக்கிறவங்ககிட்ட கவனமா இருங்க. சர்க்கரைய மெதுவா ஏத்துற அரிசிதான் இருக்கு. ஐதராபாத்துல இம்ப்ரூவ்டு சம்பா மசூரின்னு 2008ல விட்டாங்க, பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிர்ப்பு ஜீன் மூணு சேத்த பிபிடிதான் அது, அதோட கிளைசீமிக் இண்டெக்ஸ், அதாவது சர்க்கரைய ஏத்துற வேகத்தோட அளவு, 51 கிட்ட. ஜீன் எடிட்டிங் எதுவும் இல்ல, ஒட்டுக்கட்டி மார்க்கர் வச்சு பொறுக்குனது. இன்னும் கீழ கொண்டு போகணும்னா கிளை போடுற என்சைமோட ஜீன நிறுத்தணும், அப்ப அமைலோஸ் நல்லா ஏறும், சர்க்கரையும் மெதுவா ஏறும், ஆனா மணி எடை குறைஞ்சு விளைச்சலும் குறையும். பிலிப்பைன்ஸ்ல இருக்கிற இரி ஆராய்ச்சி நிலையத்துல சம்பா மசூரிய வச்சே அந்த கொறைய சரி பண்ண பாடுபட்டுக்கிட்டிருக்காங்க. 2025 மே மாசம் நம்ம நாட்டுல அறிவிச்ச ரெண்டு ஜீன் எடிட் நெல்லும் ஸ்டார்ச்சுக்காக செஞ்சதில்ல, ஒண்ணு மணி எண்ணிக்கைக்கு, இன்னொண்ணு வறட்சி, உப்பு தாங்குறதுக்கு.

வர்ற சம்பாவுக்கு சொந்த விதைய நிறுத்திட்டு வேளாண் விரிவாக்க மையத்துல நீல டேக் போட்ட சான்று விதை வாங்குங்க. உங்க ஊர்ல இலைக்கருகல் தொந்தரவு இருந்தா இம்ப்ரூவ்டு சம்பா மசூரிய அரை ஏக்கர்ல பாக்கலாம், வாங்குற ஆள கேட்டுக்கிட்டு போடுங்க. நடவுக்கு முன்னாடி தண்ணி கட்டி, கொட்டுன நெல்ல முளைக்க விட்டு, சேத்துல அமுக்கி உழுங்க. பூக்குறப்ப ஒரு தடவ, பழுக்குறப்ப ஒரு தடவ வரப்போரம் நடந்து கலவன் பிடுங்குங்க. அடுத்த வருஷ விதைக்குன்னு நடு வயல்ல கொஞ்சம் எடத்த ஒதுக்கி, மெஷின் இறங்குறதுக்கு முன்னாடியே கையால அறுத்து தனியா அடிச்சு எடுத்துருங்க. கையில இருக்கிற நெல்ல புழுங்கலா அவிச்சு அரைங்க, குருணை குறையும், வெள்ளையும் அவ்வளவா தெரியாது. சந்தேகம் தீரலைன்னா அரை கிலோ நெல்லு எடுத்துக்கிட்டு ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துல கேட்டு பாருங்க, எந்த வயல்ல, எந்த தேதி நட்டதுன்னு ஒரு சீட்டுல எழுதி பையிலயே போட்டுக்கோங்க.