அசனத்துக்கு வரும் ஊர், முகாமுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் சேகரம் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) பாளையங்கோட்டைப் பக்கம். ஆலயத்தில் நடக்கும் பொது விருந்தான அசனத்துக்கு மதம் பாராமல் ஊரே வந்து சாப்பிடுகிறது. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்தில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தில் ரத்ததான முகாம் வைத்தோம். வந்த 19 பேரும் சபையார்தான். அதிலும் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே தவறினோம்?
- சேகரக் கமிட்டிச் செயலாளர்

பதில்: நாளிலேயே பாதி கெட்டுவிட்டது, ஐயா. உபவாசத்தில் இருப்பவரிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். இந்த ஆண்டுகளில் ரம்ஜான் நோன்பும் லெந்தை ஒட்டியே வருவதால், முஸ்லிம் இளைஞர்களும் வந்திருக்க முடியாது. ஈஸ்டர் கழித்து மே மாதத்தில் வையுங்கள். கல்லூரி விடுமுறையில் ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வருகிற சமயம் அதுதான். வெயிலுக்கு முன், காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடலாம்.

இடம் ஆலயம் வேண்டாம். பள்ளிக்கூட ஹாலோ சமுதாயக் கூடமோ போதும்; மின்விசிறியும் கழிப்பறையும் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ரத்த மையம்தான் ரத்தம் எடுக்கலாம் என்பதால், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) ரத்த வங்கியில் ஒரு மாதம் முன்பே தேதி கேளுங்கள்.

அதற்கும் முன்னால் ஜமாத்தார், கோயில் கொடைவிழாக் கமிட்டி, ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களிடம் போய் உட்காருங்கள். நோட்டீஸ் அச்சடித்த பிறகு "நீங்களும் வாங்க" என்றால் அது அழைப்பு மட்டும்தான். நோட்டீஸில் அவர்கள் பெயரும் சமமாக வரட்டும். முகாமில் ஜெபக்கூட்டம், மதப் பிரசாரக் கைப்பிரதி எதுவும் கூடாது. ஒரே ஒரு கைப்பிரதி கொடுத்தாலும் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

தகுதியை நோட்டீஸிலேயே போடுங்கள்: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவர்கள் கொடுக்க முடியாது. 45 கிலோவுக்கு 350 மில்லி எடுப்பார்கள். 450 மில்லி எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். பெண்கள் பலர் ஹீமோகுளோபின் குறைவால் திரும்புவார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல், பெண்கள் சங்கத்தார் அந்த அளவை எழுதிக்கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லட்டும்.

கொடுத்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடம் எழுந்திருக்க விடாதீர்கள். உடனே ஓடுபவர்தான் தலைசுற்றி விழுவார். நன்னாரி சர்பத்தும் பிஸ்கட்டும் கொடுங்கள்.

மறுபடி கொடுக்க ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆக வேண்டும். அடுத்த முகாமை ஜமாத் மண்டபத்தில் வைக்கக் கேளுங்கள். அங்கே நாற்காலி போடும் வேலையை உங்கள் வாலிபர் சங்கம் எடுத்துக்கொள்ளட்டும்.